பொட்டு வைத்த மாதா

சோஹார்
நவம்பர் 1, 2024

மரியராஜ் அவர்களுக்கு,

“அவர்களுக்கு” என்று போட்டிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும். சுளிக்கட்டும் என்றுதான் போட்டேன். கட்டிய பெண்டாட்டி இப்படி எழுதும் அளவுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள்.

போனைத் தொட மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் “ம்” போடுகிறீர்கள், கடைசியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். நம்ம முட்டத்துப் பையன் ரிஜோவின் மீன் வண்டி வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கிருந்து ராஸ் அல் கைமாவுக்கு வருகிறது. கடிதத்தை அவனிடம் கொடுத்தால் சிக்னல் பிரச்சினை வராது.

ஒன்றை மட்டும் திரும்பவும் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வருகிறேன் என்றால், “வராத, ரூம்ல வசதி இல்ல” என்றீர்கள். சரி, நீங்கள் சோஹாருக்கு வாருங்கள் என்றால், “லீவ் இல்ல” என்றீர்கள். ஜனவரியில் நான் இந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு நீங்கள் இருக்கிற ஊர் கிளினிக்கில் சேர்வதாகத்தானே பேச்சு? இப்போது “அவசரப்படாத, பாக்கலாம்” என்கிறீர்கள். இங்கே கான்ட்ராக்டைப் புதுப்பிக்க டிசம்பர் 15 வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் நான் இங்கே, நீங்கள் அங்கே. அதுதான் வேண்டுமா?

பதில் யோசித்து எழுதுங்கள். அதற்கிடையில் ஒரு வேலை. எங்கள் கோவில் தமிழ்க் குழுவில், அன்பியத்தில், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஃபாதர் ஒரு நிபந்தனை போட்டார்: கடையில் வாங்கிய பொருள் ஒன்றுகூட இருக்கக்கூடாது, தூக்கி எறிகிற சாமானில்தான் செய்ய வேண்டும். மலைக்கு சிமெண்ட் சாக்குத் தாள் சேர்த்துவிட்டேன். கூரைக்கு ஈச்ச மட்டை நார். வார்டில் மருந்துக் குப்பிகளின் மூடி கலர் கலராகக் கிடைக்கிறது, அதைக் கோத்து நட்சத்திரம். ஆட்களும் ஆடுமாடும் எப்போதும்போல உங்கள் பங்கு. சண்டை வேறு, குடில் வேறு.

நம்ம ஊர்க் கோவிலில் சிரட்டையில் கழுதை செய்துகொண்டிருந்தீர்களே, அந்த விரல்களைப் பார்த்துத்தானே அப்பா காட்டிய மாப்பிள்ளையை வேண்டாம் என்றேன். அந்த விரல்கள் பொய் சொல்லாது. உங்கள் வாயைத்தான் இப்போது நம்ப முடியவில்லை.

லீமா

*

ராஸ் அல் கைமா
நவம்பர் 8, 2024

லீமா,

உன் கடிதத்தில் கோபம் பாதி, மீன் வாசம் பாதி. இரண்டையும் பொறுத்துக்கொண்டு படித்தேன்.

இது ஏன் பிரிண்ட் போட்டு வருகிறது என்று கேட்பாய். போனில் பேசினால் அதுவே எழுத்தாக்கித் தருகிறது. ஆபீஸ் பையனிடம் சொல்லித் தாளில் எடுத்தேன். என் கையெழுத்தைக் கோழி கிளறின குப்பை என்று சொன்னது நீதானே? இப்போது குப்பை இல்லாமல் வருகிறது, சந்தோஷப்படு.

ரூமில் வசதி இல்லை என்றால் வசதி இல்லைதான். அருள்முருகன் ஒருவனுக்கே இந்த ரூம் போதாது. திண்டுக்கல்காரன், எங்கள் கம்பெனியிலேயே டைல்ஸுக்குப் பூச்சுப் போடுகிற செக்ஷன். அவன் துணி காயப்போட்டால் நான் குனிந்துதான் நடக்க வேண்டும். லீவும் நிஜமாகவே இல்லை. கான்ட்ராக்ட் விஷயத்தில் உன் இஷ்டப்படி செய். நான் தடுக்கவில்லை, தள்ளவும் இல்லை.

முதல் பெட்டி அனுப்புகிறேன். ஆறு ஆடு, இரண்டு இடையர், ஒரு மாடு. மாட்டின் உடம்பு முட்டை அட்டை, ஊறவைத்து அரைத்துப் பிடித்தது. கொம்பு பிரியாணிக் கடை பிளாஸ்டிக் கரண்டி, சூடு காட்டி வளைத்தது. உடைந்த நீல டைல்ஸ் துண்டுகளும் இருக்கின்றன, குளத்துக்கு வைத்துக்கொள். ஓரம் கூராக இருக்கும், வெறும் கையால் எடுக்காதே. கையுறை போட்டுக்கொள். விளையாட்டு இல்லை, போட்டுக்கொள்.

மரியராஜ்

*

சோஹார்
நவம்பர் 15, 2024

மரியராஜ் அவர்களுக்கு,

“உன் இஷ்டப்படி செய்.” இதைச் சொல்ல ஒரு புருஷன், அதை அச்சடிக்க ஒரு மிஷின். கோர்ட் நோட்டீஸ் தோற்றது போங்கள். நாம் எதை எழுதினாலும் தலைப்பில் ஒரு சிலுவை போடுவோமே, மளிகைச் சிட்டைக்குக்கூடப் போடுவீர்களே. அதுவும் இல்லை, கீழே கையெழுத்தும் இல்லை. பேரைக்கூட மிஷின்தான் அடித்திருக்கிறது.

இருக்கட்டும். ஆடுகளைப் பற்றிப் பேசுவோம்.

அழகாக இருக்கின்றன. அன்பியத்து ஜோஸ்மி பார்த்துவிட்டு, “அண்ணன் கை கைதான்” என்றாள். இடையனின் தலைப்பாகையைப் பிரித்துப் பார்த்தேன். இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. நான் தினமும் நாலு பேருக்குச் சுற்றுகிற துணி எனக்குத் தெரியாதா? அது க்ரேப் பேண்டேஜ். ஆட்டின் ரோமம் காயத்தில் வைக்கிற காஸ். துவைத்துக் காயவைத்து, அடுக்கி, நூல் சுற்றியிருக்கிறது. ஓரத்தில் அயோடின் கறை. முகர்ந்துகூடப் பார்த்தேன், இன்னும் வாசம் போகவில்லை.

டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்குக் காஸ் எங்கிருந்து வந்தது? அதுவும் இவ்வளவு? யார் எடுத்துக் கொடுத்தது? எந்த ஆஸ்பத்திரி, எந்த நர்ஸ்?

நேராகவே கேட்டுவிட்டேன். நர்ஸின் புருஷனுக்கு இன்னொரு நர்ஸிடம் என்ன வேலை?

வீடியோவில் வாருங்கள் என்று போன மாதம் நான் கெஞ்சினபோது கழுத்துக்கு மேலே மட்டும் காட்டினீர்கள், பின்னால் வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் உங்கள் ரூம் சுவர் இல்லை. உங்கள் ரூம் சுவர் பச்சை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

குப்பி மூடி கொஞ்சம் அனுப்புகிறேன், ராஜாக்களின் கிரீடத்துக்கு. பொம்மை செய்கிறபோது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், முகமும் கையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. அது போதும் எனக்கு.

லீமா

*

ராஸ் அல் கைமா
நவம்பர் 22, 2024

லீமா,

உனக்கு ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்தது தப்பு. போலீஸில் கொடுத்திருக்க வேண்டும்.

கம்பெனியில் முதலுதவிப் பெட்டி என்று ஒன்று உண்டு. நாள் கடந்துபோன பேண்டேஜைக் குப்பையில் போட்டார்கள், எடுத்தேன். குப்பையில் செய் என்று சொன்னது உன் ஃபாதர். வெள்ளைச் சுவர் கேண்டீன் சுவர். போட்டோ எடுக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. போதுமா? அடுத்த விசாரணை எப்போது?

இப்போது நான் கேட்கிறேன். நீ அனுப்பிய பெட்டியை வலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு உனக்குப் போட வராது. செருப்பு வார்கூட உனக்கு ஒழுங்காகக் கட்ட வராது. அது கடலுக்குப் போகிறவன் போடுகிற முடிச்சு, எங்க அப்பா போட்டது, நான் போட்டது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. ரிஜோ உன் ஹாஸ்டல் வாசலில் நின்று பெட்டி கட்டித் தருகிறானா? வண்டியில் மீனுக்குப் போட்ட ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு நேரம் அங்கே அவனுக்கு என்ன பேச்சு? “மைனி சாளைக் குழம்பு தந்தாவ, சூப்பரா இருந்து” என்று என்னிடமே வந்து சொல்கிறான். எனக்கு நீ சாளைக் குழம்பு வைத்துக் கொடுத்து எத்தனை மாதம் ஆகிறது?

நீ கேட்டால் அது அக்கறை, நான் கேட்டால் சந்தேகமா? இரண்டும் ஒன்றுதான். எனக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது பெட்டியில் மிச்ச ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், அவர்கள் ஒட்டகம், இறக்கை வைத்த சம்மனசு. பக்கத்துத் தையல்காரர் கலீஃபாவின் கடையில் கிழிந்த பர்தா துணி கொடுத்தார்கள், ராஜாக்களுக்குப் பட்டு அங்கி ஆயிற்று. அருள்முருகன்தான் பெட்டியைக் கட்டித் தருவான், எனக்கு டியூட்டி.

மரியராஜ்

*

சோஹார்
நவம்பர் 29, 2024

மரியராஜ் அவர்களுக்கு,

ரிஜோவைப் பற்றி எழுதினதற்கு முதலில் பதில். அவன் எனக்குத் தம்பி மாதிரி. சாளைக் குழம்பு கொடுத்தது உங்களைப் பற்றி விஷயம் கறக்க. கறக்க முடியவில்லை. “அண்ணன் எப்பிடிலே இருக்காவ, அந்த ரூம்ல வேற யாரு வாராவ போறாவ” என்று கேட்டேன். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, “மைனி, எனக்கு ஒண்ணும் தெரியாது, என்ன விட்டுருங்க” என்று எழுந்து போய்விட்டான். மீன் குழம்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிற முட்டத்துக்காரனை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவனுக்கு ஏதோ தெரியும், நீங்கள் வாயை அடைத்திருக்கிறீர்கள்.

அடுத்த நாள் அன்பியத்தில் எல்லாரும் சூழ்ந்து நிற்கும்போது பெட்டியைத் திறந்தேன். மாதாவை எடுத்து வெளியே வைத்ததும் ஒரு பாட்டம் சிரிப்பு. மாதாவின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு! பளபளவென்று, அளவாக, இரண்டு புருவத்துக்கும் நடுவில். ஜோஸ்மி, “ஏ, இது நெயில் பாலிஷ் மாதிரில்லா இருக்கு” என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன். பாத்ரூமுக்குள் போய்த்தான் அழுதேன்.

நீங்கள் பிறந்ததிலிருந்து மாதா சொரூபத்தைப் பார்த்து வளர்ந்தவர். உங்கள் கை தூக்கத்தில்கூட மாதாவுக்குப் பொட்டு வைக்காது.

அதைக்கூட விட்டுவிடுவேன். பெட்டியின் அடியில் கை விட்டால் பாலன் இயேசு! ஆட்களோடு ஆளாக, ராஜாவின் ஒட்டகத்துக்குப் பக்கத்தில், ஒரே தாளில் சுற்றி! இருபத்துநாலாம் தேதி ராத்திரி பூசை வரைக்கும் பாலனை யார் கண்ணிலும் காட்ட மாட்டோம். எல்லா வருஷமும் கடைசியாகத்தான் செய்வீர்கள். உங்கள் கைக்குட்டையில் தனியாகச் சுற்றி, யாரும் பிரிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புவீர்கள். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நான் எட்டிப் பார்த்தேன் என்று ஒரு நாள் பூராவும் பேசாமல் இருந்தீர்களே. அப்படிப்பட்ட ஆள் நவம்பரில் பாலனை ஒட்டகத்தோடு கட்டி அனுப்புவாரா? கட்டியது அருள்முருகன் என்று சொல்வீர்கள். கட்டியது அவர் என்றால் செய்தது யார்? செய்த கை உங்கள் கை என்றால், பெட்டி கட்டுகிற இடத்துக்குப் பாலன் எப்படி வந்தது?

நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். இந்தப் பொம்மைகளை நீங்கள் செய்யவில்லை. பேண்டேஜ் கைக்கு எட்டுகிற, நெயில் பாலிஷ் போடுகிற, பொட்டு வைக்கிற, நம்ம வேதத்தைச் சேராத ஒருத்தி செய்திருக்கிறாள். உங்கள் பெண்டாட்டிக்கு அனுப்ப, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே செய்திருக்கிறாள்.

பேர் என்ன?

லீமா

*

ராஸ் அல் கைமா
நவம்பர் 30, 2024

லீமா,

ரிஜோ வண்டியை அணைக்காமல் நிற்கிறான், அதனால் சுருக்கமாக. நீ நினைக்கிற மாதிரி எவளும் இல்லை. சகாய மாதா மேல் சத்தியம். இதற்குமேல் கேட்காதே. குடிலைப் பாலனோடோ பாலன் இல்லாமலோ நல்லபடியாக முடி.

மரியராஜ்

*

சோஹார்
டிசம்பர் 6, 2024

சத்தியத்தையும் பிரிண்ட் போட்டு அனுப்புகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாலனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யார் செய்தார்களோ அவர்களிடமே கொடுங்கள். என் குடிலில் தொட்டில் காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலையில் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடப் போகிறேன். அதற்குள் உங்கள் கையால் எழுதிய கடிதம் வந்தால் படிப்பேன். கோழி கிளறினாலும் பரவாயில்லை. அச்சடித்து வந்தால் பிரிக்காமலே ரிஜோவிடம் கொடுத்துவிடுவேன்.

லீமா

*

ராஸ் அல் கைமா
டிசம்பர் 13, 2024

லீமா,

மேலே சிலுவை போட்டிருக்கிறேன். கோணலாக இருக்கிறது. எழுத்தும் அப்படித்தான் இருக்கும். இது என் இடது கை.

இந்தப் பக்கத்தை எழுத நாலு நாள் ஆயிற்று. கிழித்ததே நிறைய.

செப்டம்பர் கடைசியில் நடந்தது. டைல்ஸ் பிரஸில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டது. மிஷினை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். நிறுத்தவில்லை, ஒரு நொடி வேலைதானே என்று கை விட்டேன். கையுறையைப் பிடித்து இழுத்துவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டது. நீ பார்த்த வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரிச் சுவர். பேண்டேஜ் என்னுடையது. என் காயத்தில் இருந்ததுதான். துவைத்ததும் நான்தான். கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை, நினைத்திருக்க வேண்டும்.

இப்போது பேக்கிங் செக்ஷனில் போட்டிருக்கிறார்கள்.

பொம்மை எல்லாம் அருள்முருகன். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செய்தான். ராத்திரி டியூட்டி முடித்து வந்து செய்தான், பாவம். பொட்டு அவன் செக்ஷன் பூச்சு, நெயில் பாலிஷ் இல்லை. நான் பார்க்கும்போது வைத்து முடித்துவிட்டான். “அண்ணே, அம்மான்னா நெத்தியில பொட்டு வேணும்ல, இப்பத்தான் மூஞ்சியே நிறைஞ்சிருக்கு” என்று சந்தோஷமாகக் காட்டினான். அழி என்று சொல்ல மனசு வரவில்லை. பாலனைச் சேர்த்துக் கட்டக்கூடாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் டியூட்டிக்குப் போயிருந்தேன். திருப்பி வந்த பாலனைப் பார்த்து அவன் முகம் விழுந்துவிட்டது. “நான் ஏதும் தப்பு பண்ணிட்டனாண்ணே” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ரிஜோவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். அவனைத் திட்டாதே. அவனைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துக்கொள். உன் வாயை அடைக்க எழுதினேன். கொஞ்சம் நிஜமாகவே பொறாமையும் இருந்தது, இரண்டு கையாலும் உனக்குப் பெட்டி கட்டித் தருகிறானே என்று.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீயே எழுதினாய், அந்த விரல்களைப் பார்த்துத்தான் என்னைக் கட்டினதாக. அவை இப்போது இல்லை. மிச்சத்தை நீ என்ன செய்வாய் என்று எனக்குப் பயம். வேறொருத்தி என்று நினைத்தால் நீ சண்டை போடுவாய். இதைப் பார்த்தால் இரக்கப்படுவாய். உன் இரக்கத்துக்குச் சண்டை மேல் என்று தோன்றிவிட்டது.

கை வலிக்கிறது. முடிக்கிறேன்.

மரியராஜ்

*

சோஹார்
டிசம்பர் 15, 2024

என்னங்க,

பாவி மனுஷா.

நேற்று ரிஜோ கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றான். படித்து முடித்ததும், “மைனி, நான் சொல்லப்பிடாதுன்னு...” என்று ஆரம்பித்து அவன்தான் முதலில் அழுதான். சாளைக் குழம்பைச் சூடு பண்ணி அவனைச் சாப்பிடவைத்து அனுப்பினேன். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எழுத்தில் ஆரம்பித்ததை எழுத்திலேயே முடிக்கிறேன்.

உங்கள் ரத்தம் பட்ட துணியை நான் மூக்கில் வைத்து முகர்ந்து, இது எவள் கொடுத்தது என்று கேட்டேன். ஊரான் காயத்தை எல்லாம் தூரத்தில் வரும்போதே கண்டுபிடிக்கிறவளுக்குப் புருஷன் காயம் கையில் இருந்தும் தெரியவில்லை. நர்ஸாம் நர்ஸ்! தூ என்று என்னையே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. உங்களையும்தான். இரக்கப்படுவேன் என்று பயமா? இரக்கம் எல்லாம் வார்டில் எட்டு மணி நேரம் கொடுத்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தால் சண்டை மட்டும்தான் மிச்சம் இருக்கும், கவலைப்படாதீர்கள்.

விரலைப் பார்த்துக் கட்டினேன் என்று எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். விரலோடு நிறுத்திக்கொள்ளவில்லையே, முழு ஆளையும்தானே கட்டினேன். அது உங்களுக்குத் தெரியாதா? இது தெரியாத ஆளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேனே என்றுதான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

தையல் பிரித்தாகிவிட்டதா? விரல் இல்லாத இடத்தில் சுரீர் என்று வலிக்கிறதா? வலிக்கும், மறைக்காமல் சொல்லுங்கள். மிச்ச விரல்களை மடக்கி நீட்டப் பயிற்சி யாராவது சொல்லித் தந்தார்களா? அருள்முருகன் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாதாவின் பொட்டை நான் அழிக்கவில்லை. ஃபாதர் பார்த்துவிட்டு, “இருக்கட்டும், இங்கயே பாதிப் பேர் அப்படித்தானே இருக்கோம், யாரு என்னன்னு தெரியாம ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை செஞ்சுக்கிட்டு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் பொட்டு இருக்கிறது.

இன்று காலையில் எச்.ஆரில் கூப்பிட்டார்கள். கான்ட்ராக்டை முன்னால் தள்ளி, பேனாவும் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஜனவரியில் வருகிறேன். ரூமில் வசதி இல்லை என்ற கதையை இனி என்னிடம் சொல்லாதீர்கள்.

உங்களை இன்னும் முழுசாக நம்பவில்லை. இத்தனை பொய் சொன்னவர் இன்னும் ஒன்றிரண்டு வைத்திருப்பார். அதனால் ஜனவரி வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வருகிறீர்கள். லீவு கேளுங்கள், அதையும் இடது கையால் எழுதிக் கொடுங்கள், தருவார்கள். அருள்முருகனும் வரட்டும். பாலனை நீங்கள் செய்யுங்கள், அவர் கூடப் பிடிக்கட்டும். மூக்கு கோணினாலும் தலை சாய்ந்தாலும் எனக்கு அது போதும். ரிஜோவின் பெட்டியில் அனுப்பக்கூடாது, உங்கள் கைக்குட்டையில் சுற்றி நீங்களே கொண்டு வர வேண்டும்.

ஃபாதரிடம் பேசிவிட்டேன். பூசையில் பாலனைக் கொண்டுவந்து தொட்டிலில் வைப்பது இந்த வருஷம் நீங்கள்தான். பீடத்திலிருந்து குடில் வரைக்கும், எல்லார் கண்ணுக்கும் முன்னால், இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொண்டுவர வேண்டும். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வர முடியாது.

நான் குடில் பக்கத்தில் நிற்பேன்.

உங்கள்
லீமா